பத்து இருபதுக்கு எடுத்த ரத்தம்

நான் வேலை பார்த்த லேபில் போன மாதம் புது மிஷின் வைத்திருக்கிறார்கள். ரத்தக் குழாயை உள்ளே வைத்தால் போதும். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, யூரியா எல்லாவற்றையும் அதுவே பார்த்து, நேரே டாக்டரின் போனுக்கு அனுப்பிவிடுமாம். இதைச் சொல்லத்தான் செல்வி என்னைக் கூப்பிட்டாள். என்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்த டெக்னீஷியன் அவள்.

"அண்ணாச்சி, இனிமே பொட்டாசியம் கூடுனா வார்டுக்கு ஓட வேண்டாம். எங்கள எத்தன தடவ மாடிப்படி ஏற வச்சிருப்பிய!" என்று சிரித்தாள். பிறகு, "ஆமா, அதுல மட்டும் ஏன் அப்படிப் பிடிவாதமா நின்னீங்க? போன் பண்ணிச் சொன்னாலும் பத்தாதுன்னு திட்டுவீங்களே" என்று கேட்டாள்.

போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரி தென்காசியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். திருநெல்வேலியில் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தவன், ஓய்வு பெறும்வரை அதே லேபில்தான் இருந்தேன். எங்களுக்கு மேலே இருந்தவர் டாக்டர் வத்சலா. புளியரைப் பக்கம் பிறந்தவர். பேச்சில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனிடம் மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது நமக்கே தெரிந்துவிடும். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

நான் சேர்ந்த வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். "போ. நல்லாச் சாப்பிடு, ரெண்டு வாழைப்பழமும் தின்னு. அப்புறம் ஐந்தருவியில போய் நில்லு. நடுங்குற வரைக்கும் நில்லு. நேரா இங்க வா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் பல் தந்தியடிக்க, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததும் மறுபடியும் ரத்தம் எடுத்தார்.

அப்போதெல்லாம் ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, தண்ணீரில் கலந்து நெருப்பில் தெளித்து, சுடரின் நிறத்தை வைத்து அளப்போம். காலையில் என் சோடியம் நூற்று நாற்பது. அருவிக்குப் பிறகு நூற்று நாற்பத்தொன்று. பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி ஒன்று.

"அருவி உன் தோலோட நின்னு போச்சு முத்தையா" என்றார் மேடம். "உள்ள வரல. நீ தின்ன பழமும் உன் ரத்தத்த மாத்தல. நீ தூங்கினாலும் முழிச்சாலும், உள்ள எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சிருக்க ஒரு வேல நடந்துட்டே இருக்கு. அந்த வேல ஒழுங்கா நடக்குதா இல்லையாங்குற சேதிதான் நம்ம எழுதுற நம்பர்."

அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கினி வெயிலில் களை பறித்துவிட்டு வரும் கடையத்துப் பெண்ணுக்கும், நோன்பு வைத்து நாளெல்லாம் துளித் தண்ணீர் குடிக்காத தறிக்காரருக்கும், ஏசி அறையிலிருந்து இறங்கி வரும் அதிகாரிக்கும் நம்பர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பொட்டாசியம் மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில். அவ்வளவு சின்ன இடம். ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்கிற கீரை, கிழங்கு, பழத்தின் பொட்டாசியம் முழுக்க ரத்தத்திலேயே தங்கிவிட்டால் ஆபத்துதான். தங்க விடுவதில்லை உடம்பு. கொஞ்சத்தைத் தசைக்குள் தள்ளி வைக்கும், மிச்சத்தைச் சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றும். பொட்டாசியம் ஏழுக்கு மேல் போனால் இதயம் எந்த நிமிஷமும் நிற்கலாம். அதுவரை ஆள் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

இந்தப் பொட்டாசியத்தில் ஒரு வம்பு உண்டு. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டினாலோ, ஊசியை இழுத்துப் பிடித்து வேகமாக உறிஞ்சினாலோ சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் சீரத்தை வெள்ளைத்தாளுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வைக்கோல் நிறம் என்றால் நல்ல சாம்பிள். சிவப்புத் தட்டினால் சந்தேகம்.

இதற்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார். பொட்டாசியம் கூடுதலாக வந்தால் முதலில் சீரத்தின் நிறத்தைப் பார். அடுத்து, ஃபார்மில் என்ன நோய் எழுதியிருக்கிறது என்று படி. பிறகு வார்டுக்குப் போ. டியூட்டி டாக்டரிடம் நம்பரை வாயால் சொல்லி, ஈசிஜி எடுக்கச் சொல். உன் கையாலேயே மறு ரத்தம் எடு. "நம்பரச் சந்தேகப்படலாம் முத்தையா. ஆனா சந்தேகம் தீருற வரைக்கும் அது நெசம்னு வச்சு நடக்கணும்" என்பார். மிஷின் தருகிற எந்த நம்பரையும், தப்பென்று தோன்றினாலும், நேரத்தோடு வொர்க்புக்கில் எழுதியே ஆகவேண்டும்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி அது. மழை நாலு நாளாக விடவில்லை. காய்ச்சல்காரர்கள் லேப் வாசலில் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் தட்டணு பார்க்க வேண்டும், எல்லோருக்கும் உடனே வேண்டும். மேடம் ஒரு கல்யாணத்துக்காகப் புனலூர் போயிருந்தார். பொறுப்பு என்னிடம் இருந்தது.

அச்சன்புதூரில் ஒரு வீட்டின் பின்பக்கத் தறிக்கூடத்தில் விடியும் முன்பே சுவர் இடிந்து விழுந்திருக்கிறது. மைதீன் என்று பெயர். முப்பத்துநாலு வயது. கூரை ஒழுகுகிறதே, நூல் நனைந்துவிடும் என்று எடுத்து வைக்கப் போனவர்மேல் மண்சுவர் சரிந்து, இரண்டு தொடையும் அடியில் மாட்டிக்கொண்டன. சுவர்மேல் கூரைக் கட்டையும் கிடந்ததால் சட்டென்று தூக்க முடியவில்லை. ஆளை வெளியே எடுக்க ஒன்பது மணி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவர் பேசிக்கொண்டுதான் இருந்தாராம். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததும் கூட வந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். இதெல்லாம் பிறகு எனக்கு மற்றவர்கள் சொன்னது. அவரை நான் பார்க்கவில்லை.

எனக்கு வந்தது ஒரு குழாய் ரத்தம். எடுத்த நேரம் பத்து இருபது என்று அதன்மேல் எழுதியிருந்தது. பத்தே முக்காலுக்கு மிஷின் நம்பர் கொடுத்தது. பொட்டாசியம் ஏழு புள்ளி மூன்று.

சீரத்தைத் தாளுக்கு எதிரே பிடித்தேன். லேசாக இளஞ்சிவப்பு. ரோஸ் இதழைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் இருக்குமே, அவ்வளவுதான். சாம்பிள் கெட்டுவிட்டது என்று அந்த நொடியே முடிவு செய்தேன். அவ்வளவு லேசான சிவப்புக்குப் பொட்டாசியம் அரைப் புள்ளி கூடலாம், மூன்று புள்ளி கூடாது. இது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஃபார்மில், சுவர் விழுந்து இரண்டு காலும் நசுங்கியது என்று டாக்டர் எழுதியிருந்தார். நசுங்கிய தசையிலிருந்து, பாரம் எடுத்ததும், உள்ளே இருந்த பொட்டாசியமெல்லாம் ரத்தத்தில் வந்து கொட்டும் என்று நான் படித்தவன். அந்த ஃபார்மை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

"சாம்பிள் சரியில்லை. மறுபடி அனுப்பவும்" என்று ஒரு சீட்டில் எழுதி, வார்டு ஆயாவிடம் கொடுத்தனுப்பினேன். நம்பரை எழுதவில்லை. வொர்க்புக்கில் மட்டும் வழக்கம்போல, பழக்கத்தில் கை தானாக எழுதியது. நேரம், பெயர், ஏழு புள்ளி மூன்று. பிறகு காய்ச்சல் சாம்பிள்களுக்குத் திரும்பினேன்.

வார்டிலும் கூட்டம். இரண்டாவது ரத்தம் பதினொன்றரைக்குத்தான் எடுத்தார்கள். அது என் கைக்கு வந்து, உறைந்து, சுழற்றிப் பிரித்தபோது சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. இனி சாம்பிளைக் குறை சொல்ல வழியில்லை. மிஷின் எட்டு புள்ளி ஒன்று என்றது.

ஓடினேன். மாடிப்படியில் வழுக்கி முழங்கால் அடிபட்டது தெரியவில்லை. நான் போய் நின்றபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். உள்ளே யாரோ நெஞ்சை அமுக்கிக்கொண்டே எண்ணும் சத்தம் கேட்டது. "டாக்டர், பொட்டாசியம் எட்டு" என்று திரைக்கு வெளியே நின்றபடி கத்தினேன். கால்சியம் ஊசி போட்டார்கள். முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். பிறகு எண்ணுவது நின்றது.

மறுநாள் காலையில் மேடம் வொர்க்புக்கைப் புரட்டினார். என்னைக் கூப்பிட்டார்.

"சீரம் என்ன நிறம்?"

"லேசா ரோஸ், மேடம்."

"ஃபார்ம்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கல."

"வார்டுக்குப் போனியா?"

"போகல" என்றேன். அவர் எழுந்தார். கையைக் கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். பிறகு நிர்வாகத்தின் அறைக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நிர்வாகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. வீட்டார் எதுவும் கேட்கவில்லை, நாமாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. சீட்டில் நம்பர் இல்லாததால் வெளியே யாருக்கும் தெரியவும் வழியில்லை. நான் அன்று போய்ச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒருநாள் மேடத்திடம் கேட்டேன். "தெரியாது" என்றார். "ஒரு மணி நேரம் கெடச்சிருக்கும். ஒரு மணி நேரத்துல செய்யக்கூடியது நிறைய உண்டு."

அதன்பிறகு எந்த நம்பர் வந்தாலும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலாவது தடவையும் நம்பிக்கை வரவில்லை. ஒரு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் மேடம் மேசைக்கு முன்னால் போய் நின்று, "அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லணும் மேடம்" என்றேன்.

"வேலை போகலாம்" என்றார்.

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழம போலாம். நானும் வாறேன். லேப் என்னோடது."

அச்சன்புதூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முன்பக்கம் காரை வீடு. பின்னால் தறிக்கூடம் இருந்த இடத்தில் மண் குவிந்து கிடந்தது. மைதீனின் உம்மா எங்களை உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் முகம் இறுகியது. உள் அறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால்தான் மைதீனின் மனைவி ரஹ்மத் இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள், வெளி ஆண்கள் முன் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மேடம் மட்டும் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கூடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், திரையைப் பார்த்து உட்கார்ந்தேன்.

திரையிடம் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். உங்கள் கணவரின் ரத்தத்தில் ஒரு உப்பு ஆபத்தான அளவில் இருந்தது, மிஷின் அதைச் சரியாகக் காட்டியது, நான்தான் ரத்தம் கெட்டுவிட்டது என்று நினைத்து டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன், மேலே வந்து அவரைப் பார்த்திருக்க வேண்டும், வரவில்லை என்றேன்.

உம்மா சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த ரத்தம் எத்தன மணிக்கு எடுத்தது?"

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. "பத்து இருபதும்மா" என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

"குழாய் மேல எழுதியிருந்துச்சு. எங்க புக்குலயும் இருக்கு."

"அப்பவே கூடியிருந்துச்சா, அந்த உப்பு?"

"அப்பவே ஏழு தாண்டியிருந்துச்சு."

அதன்பிறகு அவள் குரல் உடைந்தது. மேடம்தான் உள்ளேயிருந்து கேட்டுக் கேட்டு விவரத்தை வாங்கினார். இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கணும் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனதற்கப்புறம், நாக்கு வறளுது என்று மைதீன் சொல்லியிருக்கிறார். ரஹ்மத் கீழே இறங்கி, வாசல் கடையில் இரண்டு இளநீர் வெட்டி வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். குடித்த கொஞ்ச நேரத்தில் அவர் கண் செருகிவிட்டது. துபாயிலிருந்து மய்யத்தை அடக்கம் செய்ய வந்த மைதீனின் அண்ணன் பஷீர், ஆஸ்பத்திரி கொடுத்த, இரண்டாவது நம்பர் மட்டும் இருந்த காகிதத்தைப் போட்டோ எடுத்து, அங்கே தெரிந்த ஒரு நர்ஸுக்கு அனுப்பியிருக்கிறார். பொட்டாசியத்தால் இதயம் நின்றிருக்கிறது, இளநீர், பழம் ஏதாவது கொடுத்தீர்களா என்று அந்த நர்ஸ் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ரஹ்மத்தோடு பேசவில்லை.

"எம்புட்டு ஆசையாக் குடிச்சாவ தெரியுமா" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "நாந்தான் கொன்னுட்டேன்னு நானே நெனச்சிட்டு இருக்கேன்."

"இளநி ஒண்ணுமே செய்யலன்னு நான் பொய் சொல்லமாட்டேன் மோளே" என்றார் மேடம். "கொஞ்சம் கூட்டியிருக்கும். ஆனா நீ வாங்கப் போறதுக்கு முன்னாலயே அது அவர சாய்க்குற அளவுக்கு ஏறியாச்சு. வாயில எதுவும் கொடுக்காதேன்னு உங்கிட்ட டாக்டர் சொல்லணும். டாக்டருக்கு நாங்க சொல்லணும். நாங்க சொல்லல. உன் கையில வந்து சேர்ந்தது எங்க தப்பு."

நான் எழுந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"போயிராதிய" என்றது குரல். "பெரிய மச்சான் அசர் தொழுவப் போயிருக்காவ. அவுக வந்த பொறவு, இப்பச் சொன்னத இன்னொரு தடவ சொல்லணும்."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான அரை மணி நேரம் கிடையாது. முதல் தடவை சொல்வதற்குத் துணிச்சல் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டாவது தடவைக்கு என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. பஷீர் தொப்பியோடு உள்ளே நுழைந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அவர் என் சட்டையைப் பிடித்தார். "ஒரு மாசங் கழிச்சு வந்து சொல்லுதியளே, மனுசந்தானா நீங்க?" என்றார். நான் கையை எடுக்கச் சொல்லவில்லை. பிடி தளர்ந்ததும் அவரே நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, "நேரத்தச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "எழுதித் தாங்க" என்றார்.

மைதீனின் மூத்த மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார்கள். எந்த நேரத்துக்கு எடுத்த ரத்தம், என்ன நம்பர், நான் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அந்தத் தாளை வைத்துத்தான் பிறகு ஆஸ்பத்திரிமேல் புகார் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். விசாரணையில் அது என் எழுத்தா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். ஆறு மாதம் என்னை மிஷின் பக்கம் விடவில்லை. வேலை போகும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மேடம் எனக்காகப் பேசினாரா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. ரஹ்மத் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அதையும் நான் கேட்கவில்லை.

அன்றைக்கு பஷீர் அந்தத் தாளை இரண்டு தடவை மனதுக்குள் படித்தார். மூன்றாவது தடவை, தன் உம்மாவுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் திரையை ஒரு தடவை பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

உம்மா மட்டும் சுவரோரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மெல்ல நடந்து போய்த் திரையை விலக்கினார். மேடம் எழுந்து அவருக்கு வழிவிட்டு வெளியே வந்தார். திரை மறுபடியும் விழுந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"ஏட்டி, மத்தியானம் சோறு தின்னியா நீ?"